துவைக்கக் கூடாத துணி

எங்கள் கிராம சோவியத்தின், அதாவது ஊர்ச் சபையின், ஆபீஸில் பதினாறு வருஷம் அடுப்பு மூட்டியவள் நான். தரை துடைத்ததும், சுவரில் இருந்த தலைவர்களின் படங்களை அவ்வப்போது சத்தமில்லாமல் இறக்கி வேறு படம் மாட்டியதும் நான்தான். அதனால் வர்லாம் சாமியைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைவிட நான் சொல்வது கொஞ்சம் சரியாக இருக்கும். ஊரில் நடமாடும் கதைகளில் பாதிக்குமேல் புளுகு. அவர் தண்ணீர்மேல் நடக்கவில்லை. ஓநாய்க்கு ரொட்டி ஊட்டவில்லை. அடுப்புக் கட்டினார். எல்லாவற்றையும் நன்றாகக் கட்டினார், ஒன்றைத் தவிர.

பெற்றவர்கள் வைத்த பெயர் யெகோர். அப்பா அடுப்புக் கொத்தனார். மகன் பத்தொன்பது வயதில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த வெண்கரை மடத்தில் போய் நின்றபோது, மடத்துத் தலைவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்பதாம். அடுப்புக் கட்டத் தெரியும் என்றிருக்கிறார். "அப்ப முதல்ல சமையல்கட்டு அடுப்பப் பாரு. ஆன்மாவ அப்புறம் பாக்கலாம்." இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மடத்தில் வர்லாம் என்று பெயர் கொடுத்தார்கள். 1914இல் ஜெர்மன் சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பினார். குருப்பட்டமும் ஆயிற்று. இறைச்சி தொடமாட்டார், பொய் சொல்லமாட்டார். இரண்டாவதுதான் அவரோடு இருந்தவர்களுக்குப் பெரிய தொல்லை.

1930 இலையுதிர் காலத்தில் மடத்தை மூடினார்கள். மிச்சமிருந்த பதினொரு துறவிகளில் பத்துப் பேரை உடனே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வர்லாமை மட்டும் இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது எங்கள் சோவியத்தின் தலைவர் சவேலி. புது ஆபீஸுக்கு அடுப்பு வேண்டும், சுற்றுவட்டாரத்தில் வேறு கொத்தனார் இல்லை. சவேலி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். மேலே இருந்து வரும் தாளுக்குப் பயந்தவன். அப்படிப்பட்டவன் கெட்டவனைவிட அதிகக் கெடுதல் செய்வான், அது வேறு விஷயம்.

மடத்து மதிலை இடித்த செங்கலிலேயே அடுப்பு எழும்பியது. நான் களிமண் குழைத்துக் கொடுத்தேன். காவல்காரன் வாசலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். கடைசி நாள் சாமி என்னை மூன்று தடவை தண்ணீருக்கு அனுப்பினார். இருந்த தண்ணீரே போதுமே என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு முடிந்தால் கொத்தனாரை உட்கார வைத்துச் சூப்பும் வோத்காவும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். மனம் கோணினால் அவன் புகைவழிக்குள் உடைந்த பாட்டில் கழுத்து ஒன்றைச் சொருகிவிட்டுப் போவான். வடகாற்று அடிக்கும்போதெல்லாம் அடுப்பு நாய்போல ஊளையிடும். வர்லாமுக்கோ ஈரம் காய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. சூப் இல்லை. நான் அவர் கோட்டுப் பையில் போட்ட இரண்டு உருளைக்கிழங்கையும் காவல்காரன் வெளியே எடுத்துவிட்டான்.

நவம்பரில் முதல் வடகாற்று வந்தது. அன்று ஆபீஸில் கூட்டம். கடவுள் இல்லை என்பதை விளக்க மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் வாயைத் திறந்தார், அடுப்பும் திறந்தது. ஊ என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது. முன்வரிசைப் பெண்கள் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"வச்சுட்டான்யா!" என்று சவேலி கத்தினார். "பாட்டில் கழுத்த வச்சுட்டுப் போய்ட்டான் சாமியாரு!"

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. சாமி என்றால் சும்மாவா என்று பேசிக்கொண்டார்கள். அடுப்பை இடிக்கவும் வழியில்லை, திருப்பிக் கட்ட ஆள் வேண்டுமே. பாட்டில் கழுத்தைக் கண்டுபிடித்து எடுப்பவருக்கு ஒரு மூட்டை தினை என்று சவேலி அறிவித்தார். ஐந்து வருஷம் அந்த அடுப்பு எல்லாக் கூட்டத்திலும் பேசியது.

1933 பசி வருஷம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை நாங்கள் வீட்டைக் கழுவி அடுப்புக்குச் சுண்ணாம்பு அடிப்போம். ஆபீஸில் அதற்கு ஈஸ்டர் என்று பெயரில்லை, வசந்தகாலச் சுத்தம் என்று பெயர். அடுப்பின் முதுகுப்பக்கம், நெருப்பு படாத சுவரில், தூரிகை பட்டதும் ஒரு செங்கல் அசைந்தது. அந்தக் காலத்தில் என் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் தினையாகத்தான் தெரியும். பாட்டில் கழுத்து இங்கேதான் என்று செங்கலை உருவினேன். உள்ளே ஒரு தேயிலை டப்பா இருந்தது.

டப்பாவுக்குள் மஞ்சள் பட்டுத்துணி ஒன்று மடித்திருந்தது. தலைத்துணி அளவு. ஆண்டவரைக் கல்லறையில் வைக்கிற படம். முதுகுப்புறம் அவரைக்கொட்டை அளவுக்கு எதையோ உள்ளே வைத்துத் தைத்திருந்தது. கீழ் ஓரத்தில் மையால் இரண்டு மூன்று வரி கிறுக்கல். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. செங்கல் இடுக்கு வழியாகக் கரி இறங்கி ஆண்டவர் முகமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கல்லறைக்குப் போகிறவரை முகம்கூடத் துடைக்காமல் விட்டிருக்கிறார்களே என்று அழுகை வந்துவிட்டது. அதுவும் அந்த வாரத்தில்.

சால்வைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, பெட்டியில் ஒளித்து வைத்திருந்த சோப்புத் துண்டைப் போட்டுத் துவைத்தேன். கரி போயிற்று. கீழே இருந்த மைக்கறையும் போயிற்று. அதில் எனக்குத் தனிச் சந்தோஷம். உருளைக்கிழங்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பழைய இடத்திலேயே வைத்துச் செங்கலை மூடினேன். தினையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு எழுத்து வகுப்பு வந்தது, படிக்கக் கற்றுக்கொண்டேன். சவேலிக்குக் கை வலித்தால் அவர் கையெழுத்தையும் நானே போடும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

1935இல் சாமி திரும்பி வந்தார். மரம் வெட்டும் முகாமில் இடது கையில் இரண்டு விரலும் வாயில் பாதிப் பல்லும் போயிருந்தன. என் வீட்டுக் குளியல் குடிசையில் தங்க இடம் கொடுத்தேன். சனிக்கிழமை நாங்கள் குளிக்கும்போது மட்டும் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவார். ஆனால் ஊரில் இருக்கப் பதிவுச்சீட்டு வேண்டும். அதற்குச் சவேலியிடம்தான் போக வேண்டும்.

"சாமியாரே, அஞ்சு வருஷமா உங்க அடுப்பு எங்க மானத்த வாங்குது. அந்தப் பாட்டில் கழுத்த எடுங்க, சீட்ட வாங்கிக்கோங்க."

"பாட்டில் கழுத்து நான் வைக்கல."

"பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க மதத்துல இல்லியா?"

"இருக்கு. அதான் வைக்கலன்னு சொல்றேன்."

"அப்ப எதுய்யா கத்துது?"

"பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "முதுகுப்பக்கம் பிரிக்கணும்" என்றார்.

நான் களிமண் வாளியோடு நின்றிருந்தேன். தேயிலை டப்பாவை வைத்தது யார், என்னை மூன்று தடவை தண்ணீருக்கு அனுப்பியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சவேலி மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஆனால் கண் முழுக்க அடுப்பின்மேல். சாமி செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். டப்பா தெரிந்ததும் உடம்பால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாளியை நீட்டினேன். டப்பா உள்ளே போயிற்று, மேலே இரண்டு கை களிமண் போட்டேன். என்னை ஏன் நம்பினார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். வேறு யார் இருந்தார்கள் என்றார்.

"கெடச்சுதா?" என்றார் சவேலி.

"கழுத்தும் இல்ல, பாட்டிலும் இல்ல. என் தப்புதான். ஒரு செங்கல் புகைவழிக்குள்ள நீட்டிட்டு நிக்குது. அன்னிக்கிக் கை நடுங்குச்சு."

செங்கலைத் தட்டிச் சரிசெய்து சாயங்காலத்துக்குள் மூடிவிட்டார். ஊளை நின்றது. சவேலி சீட்டில் முத்திரை குத்தினார். குத்தும்போது முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பாட்டில் கழுத்தை அவரும் அவ்வளவு நம்பியிருந்தார்.

குளியல் குடிசையில் சாமி கை கழுவி, மூன்று தடவை தரை தொட்டு வணங்கி, டப்பாவைத் திறந்தார். துணியை விரித்ததும் முகம் மலர்ந்தது.

"ஒரு கறைகூட இல்ல!" என்றார்.

அப்புறம் கீழ் ஓரத்தைப் பார்த்தார். சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து எங்க?"

"என்ன கையெழுத்து சாமி?"

"ஆயரோட கையெழுத்து. இங்கதான இருந்துச்சு?"

"நான்தான் துவைச்சேன்" என்றேன்.

"துவைச்சியா?"

"சாம்பத் தண்ணில. சோப்பு கொஞ்சம் போட்டேன். கஞ்சியும் போட்டேன் சாமி."

"இஸ்திரி?"

"அதுவும் போட்டேன்."

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"நெருப்பு தொடாத எடமாப் பாத்து வச்சேன்" என்றார். "எலி தொடாத எடமாப் பாத்து வச்சேன். சவேலி கை போகாத எடமாப் பாத்து வச்சேன். சோப்ப நான் நெனச்சுப் பாக்கல."

பிறகுதான் சொன்னார். அது பூசை வைக்கும் பீடத்துணி. உள்ளே தைத்திருப்பது ஒரு புனிதருடைய எலும்புத் துணுக்கு. குருப்பட்டம் பெற்றவர் தவிர யாரும் அதை விரலால்கூடத் தொடக் கூடாது. கோயிலுக்குள் நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது கண்ணில் படவே படாது, எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் துணி இருந்தால் கோயில் வேண்டாம், எந்த வீட்டு மேசையிலும் பூசை வைக்கலாம். ஆயரின் கையெழுத்துதான் அதற்கு அனுமதி. கையெழுத்து இல்லாவிட்டால் வைக்கக் கூடாது. ஐந்து வருஷம் மரம் வெட்டும்போது, அது பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில்தான் கோடரியைத் தூக்கினாராம். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையெழுத்துதான சாமி?" என்றேன். வெட்கத்தில் புத்தி எங்கே போயிற்றோ. "நான் போட்டுத் தரட்டுமா? சவேலிக்கு நான்தான போடுறேன். யாரும் கண்டுபிடிச்சதில்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்து, அது இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்போடு முடிகிற விஷயம் இல்லை. உள்ளே வீட்டில் என் நாத்தனார் உஸ்தீன்யா நற்கருணைக்காக மூன்று நாள் பட்டினி கிடந்து காத்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. நாக்கு விழவில்லை. மடம் மூடிய நாளிலிருந்து நற்கருணை கிடையாது, அதை வாங்காமல் சாகமாட்டேன் என்று படுத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை என்று சாமி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது இல்லை என்று அவரே போய்ச் சொன்னார்.

"கையெழுத்து இல்லேன்னா ஆண்டவர் வரமாட்டாராமா?" என்றார் உஸ்தீன்யா. "அவரும் ஆபீஸா நடத்துறாரு, சவேலி மாதிரி?"

"முகாம்ல பீடமே இல்லாமப் பூசை வச்சோம்மா. ஒரு கைதியப் படுக்கவச்சு அவன் நெஞ்சையே பீடமாக்கிக்கிட்டோம். ஆனா ஆயர் செரபியோன் எங்களோடவே கைதியா இருந்தாரு. செய்யின்னாரு, செஞ்சோம். எனக்கு நானே அனுமதி குடுத்துக்க முடியாது. இன்னிக்கி இதுக்குக் குடுத்தா, நாளைக்கி எதுக்குக் குடுப்பேன்னு எனக்கே தெரியல."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. சாகக் கிடக்கிற பெண்ணிடம் சட்டம் பேசுகிறாரே என்று. உஸ்தீன்யா கோபப்படவில்லை. "அந்த ஆயர் இப்ப எங்க?" என்று கேட்டார்.

ஆயரை முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள், ஆனால் ஊருக்கு விடவில்லை. ஆற்றோடு இருநூறு கிலோமீட்டர் கீழே ஒரு நகரத்தில், சணல் ஆலை ஒன்றில் காவலாளியாக இருந்தார். சாமி மாவட்டத்தைத் தாண்டுவதென்றால் தாள் வேண்டும். நான் தாள் எழுதினேன்: ஆபீஸ் அடுப்புக்கு இரண்டு வார்ப்பிரும்புக் கதவு வாங்கிவர அடுப்புக் கொத்தனார் யெகோர் அனுப்பப்படுகிறார். கையெழுத்தை நான் போடவில்லை. ஒரு கையெழுத்தை அழித்தவள், இன்னொன்றைக் கள்ளமாகப் போடுவதா என்று பட்டது. சணல் திட்டத்தைப் பற்றிச் சவேலி யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது நீட்டினேன். படிக்காமல் போட்டார்.

சாமி தாளைப் படித்தார். "கதவா?" என்றார்.

"அது சும்மா எழுதுனது சாமி."

"எழுதிட்டியே. இனிமே கதவு வாங்காம நான் திரும்பி வர முடியாது."

தவக்காலம் இரண்டாம் வாரம் கிளம்பினார். துணியைப் பையில் வைத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டார். கம்பு ரொட்டியும் வெங்காயமும் காய்ந்த காளானும் கொடுத்தேன். குருத்து ஞாயிறுக்குள் வந்துவிடுவதாக உஸ்தீன்யாவிடம் சொன்னார். "வந்தாச் சாகறேன், வராட்டி இல்ல" என்றார் அவர்.

ஐந்தாம் வாரம் வண்டிக்காரன் யெவ்தோகிம் பனிச்சறுக்கு வண்டியில் வந்து ஆபீஸ் வாசலில் நின்றான். சாக்குத்துணி சுற்றிக் கயிறு கட்டிய பெரிய பொதி ஒன்றை இறக்கினான். ஆள் இல்லை.

"சாமி எங்க?" என்றேன்.

"பிடிச்சுட்டாங்க. கதவ வண்டியில ஏத்திட்டு, வெந்நீர் வாங்கியாறேன்னு ஸ்டேஷனுக்குள்ள போனாரு. ரெண்டு பேரு தாளக் கேட்டாங்க. தாளு சரி, கதவும் சரி. தாடிதான் சரியில்ல."

"ஒண்ணும் சொல்லலியா?"

"ஏத்தும்போதே சொன்னாரு. பொதிய நீதான் பிரிக்கணுமாம், கையுறை போட்டுக்கிட்டு. அப்புறம் யாரோ பெரியவரு உனக்குச் சொல்லச் சொன்னாராம்: 'அந்தப் பொம்பளகிட்ட சொல்லு, இது காப்பியிங் பென்சில். இனி எவ்வளவு வேணா துவைக்கட்டும்'னு. எனக்கு ஒரு எழவும் புரியல, கிளஃபீரா."

எனக்குப் புரிந்தது. ஆபீஸில் நாங்கள் அந்தப் பென்சிலால்தான் எழுதுவோம். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் பட்டால் இன்னும் பிடிக்கும். மேசைமேல் பொதியைப் பிரித்தேன். இரண்டு இரும்புக் கதவுக்கு நடுவில் எண்ணெய்த்தாளில் சுற்றித் துணி இருந்தது. தாளை ஓரமாக விலக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாழ்மையுள்ள ஆயர் செரபியோன். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். துணி வந்துவிட்டது, கையெழுத்து வந்துவிட்டது, பூசை வைக்க ஆள் இல்லை. நான் துவைக்காமல் இருந்திருந்தால் அவர் போயிருக்க வேண்டியதே இல்லை.

சவேலி வந்து கதவுகளைத் தட்டிப் பார்த்தார். "நல்ல இரும்பு" என்றார். ஆள் பிடிபட்டதைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "தாள்ல நானா கையெழுத்துப் போட்டேன்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே அடுப்பின் முதுகில் கை வைத்துக்கொண்டு, "ஊளையே இல்ல அண்ணி. கூட்டத்துல தூக்கம் வருது" என்றார். நான் துணியை டப்பாவில் வைத்து அதே இடத்தில் மூடியிருந்தேன். அவர் கை வைத்தது சரியாக அந்தச் செங்கல்மேல்.

வடகாற்று அடிக்கும் நாளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு தடவையாவது கத்தாதா என்று இருக்கும். மனிதர் திருத்தினால் திருத்தினதுதான்.

இரண்டாம் ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம், 1946இல், மாவட்ட நகரத்தில் ஒரு கோயிலைத் திறக்க விட்டார்கள். அங்கே வந்த மத்வேய் சாமியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உஸ்தீன்யா அதுவரை சாகவில்லை. வைத்தியர்கள் இரண்டு தடவை நாள் குறித்துவிட்டுப் போனார்கள், அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. டப்பாவைக் கையுறையோடு நீட்டினேன். மத்வேய் சாமி விரித்துப் பார்த்துவிட்டு, "பென்சில்லயா?" என்று புருவத்தைத் தூக்கினார். முழுக்கதையையும் சொன்னேன். அந்தத் துணியை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பூசை வைத்தார். உஸ்தீன்யா நற்கருணை வாங்கிக்கொண்டார்.

பூசைக்கு முன்னால் பெயர் கேட்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு சீட்டு, இறந்தவர்களுக்கு ஒரு சீட்டு. வர்லாம் பெயரை நான் முதல் சீட்டில் எழுதியிருந்தேன். மத்வேய் சாமி அதில் விரலை வைத்தார்.

"பத்து வருஷமாத் தகவல் இல்லேன்னீங்களே. அந்தக் காலத்துல போனவங்க... அடுத்த சீட்டுல எழுதறது நல்லதும்மா."

படுக்கையிலிருந்து உஸ்தீன்யா குரல் கொடுத்தார்.

"செத்தார்னு தாள் வந்துருக்கா?"

"இல்லம்மா."

"கையெழுத்து?"

"இல்ல."

"கையெழுத்து இல்லாததையெல்லாம் நாங்க ஏத்துக்கறதில்ல சாமி. அவருதான் கத்துக்குடுத்தாரு. நீங்க அந்தச் சீட்டையே படிங்க."

மத்வேய் சாமி படித்தார். உஸ்தீன்யா மூன்றாம் நாள் போனார். அவர் பெயரை நான் அடுத்த சீட்டுக்கு மாற்றினேன். சவேலி பெயரும் அங்கேதான் இருக்கிறது, அவரையும் 1938இல் கூட்டிப்போனார்கள், அவருக்குத் தாள் வந்தது.

வர்லாமுக்கு இன்றுவரை தாள் வரவில்லை. ஞாயிறுதோறும் முதல் சீட்டில் அவர் பெயரைக் காப்பியிங் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். வரும் நவம்பரில் அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது.